24 சதவீத வெற்றியா, 22 சதவீத லாபமா: எந்தப் பயிற்சியாளர் பின்னால் போவது?

கேள்வி: ஐயா, வணக்கம். நான் இங்கிலாந்தில் வசிக்கிறேன். இங்குள்ள ஃபிளாட் (தடை தாண்டாத) குதிரைப் பந்தயங்களை மூன்று சீசன்களாக எக்செல் தாளில் குறித்து வருகிறேன். அதில் இரண்டு பயிற்சியாளர்கள் விஷயத்தில் குழப்பம். முதலாமவர் 412 குதிரைகளை ஓடவிட்டு 99 முறை ஜெயித்திருக்கிறார், 24 சதவீதம். ஆனால் ஒவ்வொன்றின் மீதும் ஸ்டார்ட்டிங் பிரைஸில் (ஓட்டம் தொடங்கும்போதுள்ள விலையில்) ஒரு பவுண்ட் கட்டியிருந்தால் 61.80 பவுண்ட் நஷ்டம். இரண்டாமவர் 178 ஓட்டத்தில் 16 வெற்றி; 9 சதவீதம்தான். அவருக்கோ 39 பவுண்ட், அதாவது 22 சதவீதம், லாபம் வருகிறது. "நாலில் ஒன்று ஜெயிப்பவரை விட்டுவிட்டு, பதினொன்றில் ஒன்று ஜெயிப்பவரையா நம்புகிறீர்கள்?" என்கிறார் என் மைத்துனர். வரும் சீசனில் இரண்டாமவரின் எல்லாக் குதிரைகளிலும் தலா 20 பவுண்ட் கட்ட நினைக்கிறேன். தாளை இணைத்துள்ளேன். சரியா, தவறா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு, கட்டாதீர்கள். காரணம் உங்கள் தாளிலேயே இருக்கிறது.

இரண்டாமவரின் 16 வெற்றிகளில் ஒன்று 66/1 விலையில், அதாவது ஒரு பவுண்டுக்கு 66 பவுண்ட் லாபம். அந்த ஒரு ஓட்டத்தை மட்டும் மறைத்துவிட்டுக் கூட்டிப் பாருங்கள். 177 ஓட்டம், 15 வெற்றி, 39 பவுண்ட் லாபம் போய் 27 பவுண்ட் நஷ்டம். அதாவது ஒரு பவுண்டுக்கு 15 பென்ஸ் இழப்பு. முதலாமவரின் கணக்கும் அதுவே: 61.80 நஷ்டத்தை 412 ஆல் வகுத்தால் 15 சதவீதம். நீங்கள் ஒப்பிடும் இரண்டு பேருக்கும் நடுவே இருக்கும் வித்தியாசம் முழுவதும் ஒரே ஒரு குதிரை ஒரே ஒரு பிற்பகலில் ஓடிய ஓட்டம்.

இது உங்கள் தாளில் மட்டும் நேர்வதில்லை. 2009 கிராண்ட் நேஷனலில் வெனிஷா வில்லியம்ஸின் மோன் மோம் 100/1 விலையில் ஜெயித்தது. ஒரு பவுண்ட் கணக்கில் அந்த ஒரு வெற்றி 100 பவுண்டைக் கொண்டுவந்து சேர்க்கும்; ஒரு சீசன் முழுக்க 15 சதவீத நஷ்டத்தில் ஓடும் 600 குதிரைகளின் இழப்பைக்கூட அது 10 பவுண்ட் லாபமாகக் காட்டிவிடும். 2020 ஆகஸ்டில் அயர்லாந்தின் லெப்பர்ட்ஸ்டவுனில் 300/1 குதிரையே ஜெயித்தது. அப்படி ஒன்று புகுந்த அட்டவணையை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது. ஆகவே லாபக் கணக்கைப் பார்க்கும்போதெல்லாம் முதலில் செய்யவேண்டியது, மிகப் பெரிய வெற்றியை நீக்கிவிட்டு இன்னொரு முறை கூட்டுவது. லாபம் நஷ்டமாக மாறினால் அதை நம்பவேண்டாம்.

ஆனால் உங்கள் மைத்துனர் சொல்வதும் சரியில்லை. வெற்றி சதவீதம் விலையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாது. ஹென்றி செசில் பயிற்சியளித்த ஃபிராங்கல் 14 ஓட்டத்தில் 14 வெற்றி பெற்றது, சதவீதம் நூறு. 2012இல் குட்வுட்டில் சசெக்ஸ் ஸ்டேக்ஸை ஜெயித்தபோது அதன் விலை 1/20. நூறு பவுண்ட் கட்டியவருக்குக் கிடைத்த லாபம் ஐந்து. அந்த விலையில் கைநஷ்டம் இல்லாமல் தப்பிக்கவே நூற்றுக்கு 95.2 முறை ஜெயிக்கவேண்டும். முதலாமவர் விஷயத்திலும் கணக்கு இதேதான், அளவு மட்டும் வேறு. 24 சதவீதம் ஜெயிப்பவரின் வெற்றிகள் சராசரியாக 3.16/1 கொடுத்தால்தான் முதல் தேறும். உங்கள் தாளில் அவருடைய 99 வெற்றிகளின் சராசரி 2.54/1. பெரிய முதலாளிகளின் விலையுயர்ந்த குதிரைகள் அவர் லாயத்தில் நிற்கின்றன. அது ஊருக்கே தெரியும், புக்கிக்கு (பந்தயப் பணம் வாங்கும் புக்மேக்கருக்கு) முதலில் தெரியும், விலையில் அது ஏற்கெனவே ஏறிவிட்டது.

பிரிட்டனில் சாம்பியன் பயிற்சியாளர் பட்டமும் வெற்றிகளின் எண்ணிக்கையை வைத்துத் தரப்படுவதில்லை, பரிசுத்தொகையை வைத்தே தரப்படுகிறது. அதுவும் பந்தயம் கட்டுபவருக்கு உதவாத இன்னொரு அளவுகோல்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? விலை எத்தனை வெற்றியை எதிர்பார்த்தது, உண்மையில் எத்தனை வந்தது என்பதை. இத்துறையில் இதை ஏ/இ (ஆக்சுவல்/எக்ஸ்பெக்டட், வந்தது/எதிர்பார்த்தது) விகிதம் என்பார்கள். கணக்கிடும் முறை சுலபம்தான், பொறுமை வேண்டும். ஏழு குதிரைகள் ஓடும் பந்தயம் ஒன்றில் விலைகள் 6/4, 3/1, 5/1, 8/1, 12/1, 20/1, 25/1 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு விலையோடும் ஒன்றைக் கூட்டி, அந்தத் தொகையால் ஒன்றை வகுக்கவேண்டும். 6/4 என்பது 1.5; ஒன்று சேர்த்தால் 2.5, ஒன்றை 2.5 ஆல் வகுத்தால் 0.400. மற்றவை 0.250, 0.167, 0.111, 0.077, 0.048, 0.038. மொத்தம் 1.09. நூறுக்கு மேல் இருக்கும் அந்த ஒன்பது சதவீதம்தான் புக்கியின் பங்கு. ஒவ்வொரு எண்ணையும் 1.09 ஆல் வகுத்துவிட்டால் ஃபேவரிட்டின் (விலை மிகக் குறைந்த குதிரையின்) உண்மையான வாய்ப்பு 36.7 சதவீதம், 12/1 குதிரையின் வாய்ப்பு 7 சதவீதம் என்று வரும். பலரும் இந்த இரண்டாவது வகுத்தலைச் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். விட்டால் எதிர்பார்ப்பு ஊதிப்போய், எல்லாப் பயிற்சியாளரும் சந்தையைவிட மோசமானவர்களாகத் தெரிவார்கள்.

ஒரு பயிற்சியாளரின் எல்லா ஓட்டங்களுக்கும் இந்த வாய்ப்புகளைக் கூட்டினால் எதிர்பார்த்த வெற்றி கிடைக்கும். உங்கள் தாளில் கூட்டிப் பார்த்ததில் முதலாமவருக்கு 104, வந்தது 99, விகிதம் 0.95. இரண்டாமவருக்கு 15.1, வந்தது 16, விகிதம் 1.06. லாபக் கணக்கில் மலைக்கும் மடுவுக்குமாக இருந்த வித்தியாசம் இங்கே இவ்வளவாகச் சுருங்கிவிட்டது. இரண்டுமே தற்செயலின் எல்லைக்குள் இருப்பவை. இரண்டாமவருக்கு 15 வெற்றி எதிர்பார்க்கும் இடத்தில் மூன்று நான்கு வெற்றி கூடுவதும் குறைவதும் சாதாரணம். முதலாமவருக்கு எட்டு ஒன்பது. 66/1 வெற்றி லாபக் கணக்கில் 66 பவுண்டாக வந்து விழுகிறது, ஏ/இ கணக்கில் ஒரே ஒரு வெற்றியாக மட்டும் எண்ணப்படுகிறது. இந்த அளவுகோலின் பெரிய பலம் அதுதான்.

லாப சதவீதத்தை ஏன் இவ்வளவு சந்தேகிக்கிறேன் என்பதற்கு ஒரு எளிய சூத்திரம் தருகிறேன். நியாயமான விலையில் கட்டும் ஒரு பந்தயத்தில் வரவு எவ்வளவு ஆடும் என்பது அந்த விலையின் வர்க்கமூலம். 9/1 என்றால் மூன்று. ஒரு பவுண்ட் கட்டினால் சராசரியைச் சுற்றி மூன்று பவுண்ட் அளவுக்கு ஆட்டம். அந்த ஆட்டத்தை ஐந்து சதவீதத்துக்குள் அடக்க எத்தனை ஓட்டம் வேண்டும் என்றால், விலையை 400 ஆல் பெருக்கினால் போதும். 2/1 குதிரைகளுக்கு 800 ஓட்டம். 9/1க்கு 3,600. 20/1க்கு 8,000. உங்கள் இரண்டாமவர் ஆண்டுக்குச் சுமார் 60 குதிரைகளை ஓடவிடுகிறார். 3,600 ஓட்டம் சேர 60 ஆண்டுகள் ஆகும். அதற்குள் பயிற்சியாளர் மாறிவிடுவார், லாயம் கைமாறிவிடும். இப்போது உள்ள 178 ஓட்டத்தில் அவருடைய 22 சதவீத லாபத்தின் பிழை எல்லை, 66/1 வெற்றியின் பாதிப்பையும் சேர்த்து, ஏறக்குறைய 44 சதவீதம். முதலாமவரின் 15 சதவீத நஷ்டத்துக்கோ எட்டு ஒன்பதுதான். நஷ்டம் என்பது ஓரளவு உறுதியான செய்தி; லாபம் என்பது செய்தியே அல்ல.

இன்னொன்றையும் கணக்கில் கொள்ளவேண்டும். 9 சதவீதம் ஜெயிப்பவர் பின்னால் போனால் 60 ஓட்டத்தில் தொடர்ச்சியாக 18 தோல்வி வருவது இயல்பு. 178 ஓட்டத்தில் அது 30ஐ நெருங்கும். தலா 20 பவுண்ட் என்றால் 600 பவுண்ட், நடுவில் ஒரு வெற்றியும் இல்லாமல். அவ்வளவு தூரம் போனபின் "முறை கெட்டுவிட்டதா, வெறும் துரதிர்ஷ்டமா" என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

ஏ/இ அளவுகோலுக்கும் குறைகள் உண்டு. முதலாவது, விலை அதிகமுள்ள குதிரைகள் அவற்றின் விலை சொல்வதைவிடவும் குறைவாகவே ஜெயிக்கின்றன. ஃபேவரிட்டுகள் மீது கண்ணை மூடிக்கொண்டு கட்டுபவர் இழப்பதைவிட, 33/1க்கு மேற்பட்டவற்றில் கட்டுபவர் இழப்பது பல மடங்கு. பிரிட்டிஷ் சந்தையில் இது நெடுங்காலமாக அறியப்பட்டது. ஆகையால் பெரிய விலைக் குதிரைகளை அதிகம் ஓடவிடும் சிறு லாயத்துக்கு ஏ/இ ஒன்றுக்குக் கீழே இருப்பது அவர் தவறல்ல. விலைகளை 3/1 வரை, 10/1 வரை, அதற்கு மேல் என்று மூன்று பட்டைகளாகப் பிரித்து, அந்தந்தப் பட்டையின் பொதுச் சராசரியோடு ஒப்பிடுங்கள்.

இரண்டாவது, ஒரே பந்தயத்தில் ஒருவரே பல குதிரைகளை இறக்கும்போது. அயர்லாந்துப் பயிற்சியாளர் எய்டன் ஓ'பிரையன் டெர்பியில் வழக்கமாகச் செய்வது இது. 2017 டெர்பியில் ரயன் மூர் ஏறிய கிளிஃப்ஸ் ஆஃப் மோஹர் இரண்டாவதாக வர, அதே லாயத்தின் விங்ஸ் ஆஃப் ஈகிள்ஸ் 40/1 விலையில் ஜெயித்தது. 2020இல் அவருடைய செர்பென்டைன் 25/1இல் ஜெயித்தது. ஒரு லாயத்தின் நாலைந்து குதிரைகளில் ஒன்றுதான் ஜெயிக்க முடியும் என்பதால், ஓட்டக் கணக்கில் சதவீதம் தானாகவே தாழ்ந்துவிடும். இப்படிப்பட்டவர்களுக்கு, குதிரைகளை எண்ணாமல் பந்தயங்களை எண்ணும் ஒரு பத்தியைத் தாளில் தனியாக வையுங்கள். லாயத்தின் முதல் ஜாக்கி ஏறிய குதிரை, மற்றவை என்றும் பிரித்தால் இன்னும் தெளிவாகும்.

மூன்றாவது பெயர் குழப்பம். உங்கள் தாளிலும் இது இருக்கிறது. ஜான் காஸ்டன் 2021 முதல் மகன் தாடியுடன் கூட்டு உரிமத்தில் இருக்கிறார். மார்க் ஜான்ஸ்டன் 2022இல் மகன் சார்லியுடன் கூட்டு உரிமம் பெற்றார். 2023 முதல் உரிமம் சார்லி பெயரில் மட்டும். லாயம் அதே, வேலையாட்கள் அதே, குதிரைகளும் பெரும்பாலும் அதே. ஆனால் தரவுத் தாளில் மூன்று வேறு ஆட்கள். இவற்றை இணைக்காவிட்டால் ஓட்ட எண்ணிக்கை துண்டு துண்டாகிவிடும்.

எஸ்பி (ஸ்டார்ட்டிங் பிரைஸ்) வைத்துக் கணக்குப் போடும்போது டெட் ஹீட்டையும் (இரு குதிரைகள் சமமாக முதலில் வருவது) ரூல் 4 கழிவையும் சேர்த்தீர்களா என்று பாருங்கள். டெட் ஹீட்டில் பாதிப் பணத்துக்குத்தான் விலை கிடைக்கும். ரூல் 4இன்படி, விலை உறுதியான பிறகு ஒரு குதிரை விலகினால், அதன் விலையைப் பொறுத்து வெற்றித்தொகையில் பவுண்டுக்கு 5 பென்ஸ் முதல் 90 பென்ஸ் வரை போய்விடும். விலகியது 3/1 குதிரை என்றால் 25 பென்ஸ்.

வெற்றி சதவீதத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அதற்கு வேறு வேலை இருக்கிறது. ஒரு லாயத்தில் சளி, இருமல் பரவினாலோ தீவனத்தில் கோளாறு வந்தாலோ முதலில் தெரிவது குதிரைகள் சோர்ந்து ஓடுவதில்தான். அதற்குக்கூட வெற்றியை எண்ணுவதைவிட, எத்தனை போட்டியாளர்களைத் தோற்கடித்தது என்று எண்ணுவது நல்லது. பத்துக் குதிரை ஓடி நம்முடையது நாலாவதாக வந்தால், மற்ற ஒன்பதில் ஆறைத் தோற்கடித்திருக்கிறது, 67 சதவீதம். பொதுச் சராசரி 50. தோற்ற ஓட்டமும் இங்கே தகவல் தருவதால் 25, 30 ஓட்டத்திலேயே லாயத்தின் நாடித்துடிப்பு தெரிந்துவிடும். வழக்கமாக 56இல் இருப்பவர் இரண்டு வாரமாக 41இல் இருந்தால், அவருடைய குதிரைகளில் அந்த வாரம் பணம் போடாதீர்கள்.

இனி, உண்மையில் பயன் எங்கே கிடைக்கும்? ஒட்டுமொத்த எண்களில் கிடைக்காது. குறிப்பிட்ட சூழ்நிலைகளில் கிடைக்கலாம்: இரண்டு வயதுக் குதிரையின் முதல் ஓட்டம், இரண்டாவது ஓட்டம், ஹேண்டிகேப்பில் (திறமைக்கேற்ப எடை சுமத்தும் பந்தயத்தில்) முதல் ஓட்டம், நீண்ட ஓய்வுக்குப் பின் ஓட்டம், முதல்முறை பிளிங்கர் (கண்மறைப்பு), மூச்சுக்குழாய் அறுவைக்குப் பின் முதல் ஓட்டம். கடைசியாகச் சொன்னதை 2018 ஜனவரியிலிருந்து பிரிட்டனில் முன்கூட்டியே அறிவிக்கவேண்டும் என்பதால் தரவு சுத்தமாகக் கிடைக்கிறது. ஆனால் எல்லாருக்கும் தெரிந்த பழக்கத்தில் லாபம் தங்காது. நியூமார்க்கெட்டின் சர் மார்க் பிரெஸ்காட், இரண்டு வயதில் குறைந்த தூரத்தில் மூன்று ஓட்டம் ஓடவிட்டு, மூன்று வயதில் தூரத்தைக் கூட்டி ஹேண்டிகேப்பில் வரிசையாக ஜெயிக்கவைப்பதில் பேர்போனவர். அந்தப் பேரே விலையைக் கீழே இறக்கிவிடுகிறது.

உங்கள் தாளில் என் கண்ணில் பட்ட ஒன்றைச் சொல்கிறேன். நீங்கள் கைவிட நினைக்கும் முதலாமவரின் இரண்டு வயதுக் குதிரைகள், இரண்டாவது ஓட்டத்தில்: 62 ஓட்டம், எதிர்பார்த்தது 16, வந்தது 21. விகிதம் 1.31. பார்க்க அருமையாக இருக்கிறது. முதல் ஓட்டத்தில் குதிரையை வருத்தாமல் கற்க விடுகிறார் என்ற காரணமும் பொருந்துகிறது. ஆனால் இப்படி நாற்பது ஐம்பது கூறுகளாகப் பிரித்துத் தேடினால் இரண்டு மூன்று தற்செயலாகவே பளபளக்கும். அதனால் விகிதத்தைச் சுருக்கவேண்டும். நான் செய்வது, வந்தது, எதிர்பார்த்தது இரண்டிலும் 40ஐச் சேர்ப்பது: 61ஐ 56 ஆல் வகுத்தால் 1.09. நாற்பது என்பது வானத்திலிருந்து வந்த எண் அல்ல, சந்தையை எவ்வளவு நம்புகிறோம் என்பதன் அளவு. பயிற்சியாளர் கணக்குக்கு 30 முதல் 50 வரை பொருந்தும். இதே முறையில் இரண்டாமவரின் 1.06, 1.02 ஆகிவிடும்.

இப்போது முக்கியமான இடம். சந்தை ஒரு குதிரைக்குக் கொடுக்கும் வாய்ப்பு 25 சதவீதம், அதை 1.09 ஆல் பெருக்கிய நம் கணக்கில் அது 27.2 என்று வைத்துக்கொள்ளுங்கள். புக்கியின் பங்கு 12 சதவீதமாக உள்ள பந்தயத்தில் அந்தக் குதிரை 5/2 விலையில் நிற்கும். 27.2 சதவீதத்தை 3.5 ஆல் பெருக்கினால் 95 பென்ஸ். பயிற்சியாளர் சந்தையைவிட ஒன்பது சதவீதம் மேல் என்பது உண்மையாகவே இருந்தாலும், ஒரு பவுண்டுக்கு ஐந்து பென்ஸ் நஷ்டம்! புக்கியின் பங்கைத் தாண்டாத திறமை நமக்குப் பணமாகாது. இந்தக் குதிரைக்கு 11/4 கிடைத்தால் முதல் தேறும், 3/1 கிடைத்தால் கட்டலாம். ஆகவே தாளில் "யாரைப் பின்தொடர்வது" என்ற பத்திக்குப் பதிலாக "குறைந்தபட்சம் எந்த விலை" என்ற பத்தி இருக்கட்டும். விலை அதற்குக் கீழே என்றால் எவ்வளவு பெரிய பயிற்சியாளராக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

வரும் சீசனில் 20 பவுண்ட் திட்டத்தை நிறுத்திவைத்து, முதலாமவரின் இரண்டு வயதுக் குதிரைகளின் இரண்டாவது ஓட்டம் என்ற இந்த ஒரு பிரிவை மட்டும் பணம் போடாமல் குறித்துவாருங்கள். நடுவில் "ஆறு ஃபர்லாங் மட்டும்", "குறிப்பிட்ட ஜாக்கி மட்டும்" என்று நிபந்தனை சேர்க்காதீர்கள். சேர்த்தால் அது புதிய பிரிவு, எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் காலை பத்து மணிக்கு உங்களால் வாங்க முடிந்த விலையையும் எஸ்பியையும் அருகருகே எழுதுங்கள். காலையில் 3/1 இருந்தது 9/4க்கு இறங்கி ஓடத் தொடங்குகிறது, இப்படிப் பத்தில் ஆறேழு முறை நடக்கிறது என்றால், உங்கள் பார்வையைச் சந்தையும் பிறகு ஒத்துக்கொள்கிறது என்று பொருள். லாபக் கணக்கு ஆயிரக்கணக்கான ஓட்டத்தில் சொல்வதை இந்த இரண்டு பத்திகள் எழுபது எண்பது ஓட்டத்திலேயே கோடிகாட்டிவிடும். காலை விலை எஸ்பியை அடிக்கடி தோற்கடிக்கவில்லை என்றால் அந்தப் பிரிவையும் அழித்துவிடுங்கள். 21 வெற்றி வந்திருந்தாலும் சரி. சீசன் முடிந்ததும் அந்த இரண்டு பத்திகளை அனுப்பிவையுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.